உள்ளே விட்டு வெளியே தள்ளிய பெட்டி

4

"பேய்தான் அக்கா. சந்தேகமே வேண்டாம். நல்ல கோடாங்கியாப் பாத்துக் கைகாட்டி விட்டுட்டு நாம பஸ்ஸப் பிடிப்போம்" என்றான் கடற்கரை.

செண்பகவல்லி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடற்கரை மறுபடியும் பெயரை அடித்தான். பாஸ்வேர்டை அடித்தான். எண்டரைத் தட்டினான். திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அப்பாடா, உள்ளே போய்விட்டோம் என்று நாற்காலியில் சாயப் போகும்போது, பழைய நீலத் திரை திரும்பி வந்து நின்றது. உன் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன?

"பொண்ணு பாக்கப் போன வீட்டுல காப்பியும் குடுத்து கேசரியும் குடுத்து, பொண்ணக் காட்டாம வாசல்ல கொண்டாந்து விட்ட கதையா இருக்கு."

"உனக்கு அதுல அனுபவம் ஜாஸ்தியில்லா" என்றாள் செண்பகவல்லி.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடை மாடியில் இருக்கிறது செண்பகவல்லியின் துப்பறியும் ஆபீஸ். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, பெரிய அதிகாரி ஒருவரோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு வந்தவள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளின் பெண்களுக்கு மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்துச் சொல்வதுதான் பெரும்பாலும் தொழில். கடற்கரை அவளுடைய உதவியாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வாத்தியாராக இருந்தான். சென்டரை மூடினார்கள், இவன் மாடி ஏறினான். வாயை மூடச் சொன்னால் மட்டும் அவனுக்கு உடம்புக்கு ஆகாது.

இப்போது அவர்களுக்குப் பின்னால், தன் அப்பா வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள் பூங்கொடி. இந்த விசாரணைக்கு அவர்களை அழைத்தவள் அவள்தான். கரிசல் பூமி வெயிலுக்கு வாய் பிளப்பதுபோல, அந்தச் சுவரும் மேலிருந்து கீழே வெடித்திருந்தது.

"பாஸ்வேர்டு அதுதான். எங்கப்பாவே எழுதி ஒட்டியிருக்காவ பாருங்க" என்றாள்.

மானிட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு. அதில் பெரிய எழுத்தில் பாஸ்வேர்டு. இதற்கு மேல் ரகசியமாக ஒன்றை வைக்க முடியாது.

பூங்கொடியின் அப்பா தங்கச்சாமி, அரசு பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். கணீரென்ற குரல். கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் அவர் ஊர்ப்பெயரைச் சொன்னால், பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவனும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவானாம். ரிட்டயர்டு ஆன பிறகு அந்தக் குரலுக்கு ஒரு வேலை வந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் குழு ஒன்று திருநெல்வேலியில் இருந்தது. அவர்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு மைக்கையும் கொடுத்து, எந்தப் பொத்தான் பதிவுக்கு, எந்தப் பொத்தான் நிறுத்துவதற்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தினமும் காலைப் பலகாரம் ஆனதும் மனிதர் இந்த அறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு பாடம் வாசிப்பார், சி.டி.யில் ஏற்றுவார், கம்ப்யூட்டரில் இருப்பதை அழிப்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வித்தை.

போன மாதம் ஒருநாள், வாசிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மகன் முத்துசெல்வம் சவூதியில் இருந்தான். மருமகள் காளீஸ்வரியும் பேத்தி காவியாவும்தான் பெரியவரோடு இந்த வீட்டில். பூங்கொடி வாக்கப்பட்ட ஊர் தூத்துக்குடி. அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். டாக்டர் வந்து, மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்துவிட்டது. ஆனால் பூங்கொடிக்கு மட்டும் எதுவும் முடியவில்லை.

"அன்னைக்குக் காலைல பத்தரை மணிக்கு எங்கிட்டப் பேசுனாவ அக்கா. குரல்ல ஒரு குறை கிடையாது. சாப்பிட்டியான்னு கேட்டாவ. சிரிச்சாவ. ஒரு மணி நேரம் கழியல, செத்துப் போயிட்டாவன்னு போன் வருது. அது எப்படி அக்கா?"

"நெஞ்சுவலின்னா அப்படித்தான் வரும்."

"வரட்டும். இந்தக் காளீஸ்வரி தெருவுல நின்னு கத்தியிருக்கா. எதிர்வீட்டு நந்தகோபால் அண்ணாச்சி ஆட்டோ பிடிக்க ஓடியிருக்காவ. அவிய திரும்பி வாரதுக்குள்ள இவ என்ன செஞ்சுருக்கா தெரியுமா? தரையக் கழுவிவிட்டுருக்கா. அப்பா சட்டைய மாத்திருக்கா. உசுரு போய்க்கிட்டு இருக்கவங்களுக்கு எவளாவது புதுச்சட்டை போட்டுவிடுவாளா? எதை மறைக்க? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. இப்பம் அப்பா தினமும் உக்காந்த இந்தப் பெட்டியும் தொறக்க மாட்டேங்கு. அவதான் என்னமோ பண்ணிப் பூட்டிட்டா."

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் சொல்லுதா. எல்லாத்துக்கும் தெரியாது, தெரியாதுதான்." பூங்கொடியின் குரல் உடைந்து, மறுபடி இறுகியது. "நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். தம்பியும் சொல்லிட்டான், அவள அவ அம்மா வீட்டுக்குப் புதூருக்கே அனுப்பிரு, காவியாவ நீ வச்சுக்கோன்னு."

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. இந்தப் பேச்சு அங்கே வரைக்கும் கேட்கும் என்று கடற்கரைக்குத் தோன்றியது. கேட்க வேண்டும் என்றுதான் பூங்கொடியும் பேசினாள்.

சனிக்கிழமை. காவியாவுக்கு அரைநாள் பள்ளிக்கூடம். பிள்ளையைத் தானே போய்க் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் பூங்கொடி கிளம்பினாள். இப்போதெல்லாம் அவள் அந்தப் பொறுப்பைக்கூட தம்பி மனைவியை நம்பி விடுவதில்லை.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் செண்பகவல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏலே, பாஸ்வேர்டத் தப்பா அடி."

"வேணும்னேவா? நான் தப்பா அடிச்சதுக்கு எல்லாரும் ஏசித்தான் பழக்கம். அடின்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

அடித்தான். திரை கறுக்கவில்லை. வட்டமும் சுற்றவில்லை. தவறான பாஸ்வேர்டு என்று இங்கிலீஷில் ஒரு வரி மூஞ்சிக்கு நேராக வந்து விழுந்தது.

"இப்பம் சரியா அடி."

கறுத்தது. சுற்றியது. நீலத் திரைக்குத் திரும்பியது. ஏச்சு ஒன்றும் இல்லை.

"பாத்தியா? பூட்டியிருந்தா இல்லன்னு சொல்லியிருக்கும். பாஸ்வேர்ட மாத்தியிருந்தா தப்புன்னு சொல்லியிருக்கும். இது ரெண்டும் சொல்லல. வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போகுது, பிறகு கொண்டாந்து வாசல்ல விடுது. ஒரு வீட்டுல எதுக்கு அப்படிச் செய்வாங்க?"

"கடன் கேக்க வந்திருப்பான்னு நெனச்சிருப்பாங்க."

"மண்டையக் குடைஞ்சு யோசிலே. மனசு இருக்கு, கூப்பிடுதாங்க. ஆனா உக்கார வைக்க முடியல."

கடற்கரை வாயைத் திறந்தான். அடுத்த ஜோக் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது.

"உள்ள எடம் இல்ல!"

நெற்றியில் அடித்துக்கொண்டான். சென்டரில் பிள்ளைகளுக்கு அவனே எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த சங்கதி இது. பெட்டி தன் அலங்காரத்தையெல்லாம் விரித்துக் காட்ட வேண்டுமானால், சின்னச் சின்னதாகச் சில குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் அந்தக் கொஞ்சம்கூட இல்லையென்றால், வந்தவரைத் திருப்பி வாசலுக்கே அனுப்பிவிடும். யார் வந்தாலும் இதே மரியாதைதான்.

மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினான். நீலம் மறைந்து, கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்து வந்தது. அலங்காரம் இல்லாத இந்தப் பின்வாசலுக்கு இடம் வேண்டாம். அதே பெயர், அதே பாஸ்வேர்டு. பெட்டி மறுபேச்சில்லாமல் அவனை உள்ளே விட்டது.

ஹார்டு டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டான். நூற்றுக்கு நூறு என்று பதில் வந்தது.

"ஒருத்தரும் பூட்டல அக்கா. பெட்டிக்கு வயிறு முட்டிப்போச்சு. ஏப்பம் விடக்கூட எடம் இல்ல."

"எதைத் தின்னுச்சு?"

தேடினான். பெரியவர் வாசித்து அழிக்காமல் விட்ட பாடங்கள் சில கிடந்தன. எல்லாம் சின்னச் சின்னவை. அவற்றுக்கு நடுவில் ஒன்றே ஒன்று யானை மாதிரி படுத்துக் கிடந்தது.

"இந்தா இருக்கான் திருடன். இது ஒண்ணத் தூக்கிட்டாப் போதும், பெட்டி தொறந்துக்கிடும். ஒரு எண்டர், ஒரு டீ, அடுத்த பஸ்." அழிக்கும் கட்டளையை அடித்து முடித்துவிட்டான். விரல் எண்டரின்மேல் போனது.

"நிறுத்துலே!"

அந்தக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை. விரலை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக்கொண்டான்.

"மத்தப் பாடமெல்லாம் எவ்வளவு நேரம் ஓடும்?"

"அரை மணி இருக்கும்."

"இது?"

கணக்குப் போட்டான். "சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கு அக்கா. எடம் தீரவும்தான் நின்னுருக்கு. பிறகு கரண்டு கட்டுல பெட்டியும் அணைஞ்சிருக்கும். அதுக்கப்புறம் வந்து தொட்டவங்களையெல்லாம் திருப்பி விட்டுருக்கு."

"என்னைக்கு ஆரம்பிச்சது?"

தேதியைப் பார்த்தான். வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பதிவுன்னு அமுக்குனவரு நிறுத்துன்னு அமுக்கல" என்றாள் செண்பகவல்லி மெதுவாக. "அமுக்க ஆள் இல்ல."

டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். காளீஸ்வரி தட்டில் டீயோடு நின்றாள். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அன்னைக்கு நடந்ததெல்லாம் அதுல இருக்குமாண்ணே?"

"இருக்கும்போலத் தெரியுதும்மா."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அழிச்சிருங்கண்ணே."

"என்னது?"

"கும்பிட்டுக் கேக்கேன். மதினி வாரதுக்கு முன்னாடி அழிச்சிருங்க. பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க."

"எதுக்கும்மா?" என்றாள் செண்பகவல்லி.

"அதக் கேக்காதீங்க அக்கா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

வந்ததிலிருந்து கடற்கரை உள்ளுக்குள் இவள் பக்கம்தான் இருந்தான். இப்போது டீயைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"ஏலக்காயெல்லாம் தட்டிப் போட்டுருக்கா அக்கா. குடிக்கலாமா, இல்ல நமக்கும் சட்டைய மாத்த வேண்டியிருக்குமா?"

செண்பகவல்லி ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தாள். "ஹெட்போன மாட்டு. எனக்கு ஒரு காதக் குடு."

ஆளுக்கு ஒரு பக்கமாகக் காதோடு அழுத்திக்கொண்டார்கள்.

முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அந்தக் குரல். சிந்து சமவெளி நாகரிகத்தின் பழைய நகரங்களைப் பற்றிய பாடம். மனிதர் பாடம் வாசிக்கவில்லை, டிக்கெட் கொடுத்தார். "ஹரப்பா... மொகஞ்சதாரோ... லோத்தல்..." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம்.

"இறங்குதவங்க இறங்கிக்கிடுங்க" என்று முணுமுணுத்தான் கடற்கரை. சிரிப்பு வந்தது.

"அந்த நகரங்களின் தெருக்கள்..." குரல் நின்றது. ஒரு இருமல். புத்தகத்தின் தாள் புரண்டது. "ஒரு நிமிசம் பிள்ளைகளா" என்றார் பெரியவர். பார்க்க முடியாத பிள்ளைகளிடம், எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வதுபோல.

நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு பெரிதாகக் கேட்டது. "யம்மா..." என்று ஒரு முனகல். "காளீசு... ஏ காளீசு..." பதில் இல்லை. மூச்சு. மறுபடி மூச்சு. பிறகு செல்போன் பொத்தான்கள் கீச் கீச்சென்று ஒலித்தன. ஆயுசெல்லாம் பஸ் இன்ஜின் இரைச்சலில் நின்று காது மந்தமானவர், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, என்னப்பா?" பூங்கொடியின் குரல். பின்னால் கடையின் கூட்டம்.

பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிறகு, எங்கிருந்து எடுத்தாரோ, அந்தக் கண்டக்டர் குரல் முழுசாக வந்தது. "சாப்பிட்டியாம்மா?"

"இதக் கேக்கவாப்பா போன் போட்டீங்க? கூட்டமா நிக்குது. சாயங்காலம் பேசுதேன். என்னமும் விசயமா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்." சிரித்தார். "வியாபாரத்தப் பாரு."

"சரிப்பா."

போன் வைக்கப்பட்டதும், அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தம் பெரியவரிடமிருந்து வெளியே வந்தது. கடற்கரை கண்ணை மூடிக்கொண்டான். எதுவோ தரையில் விழுந்தது. வாந்தி எடுக்கும் சத்தம். அதன்பிறகு மூச்சு மட்டும்.

வெகுநேரம் கழித்து வாசலில் ஒரு பெண்குரல். "மாமா, மண்ணெண்ணெய் இன்னைக்கும் வரலையாம். அவ்வளவு நேரம் வரிசைல நிக்க வச்சுட்டுச் சொல்லுதான்..." காலி டின் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. "மாமா! என்ன மாமா? இருங்க, நான் மதினிக்குப் போன்..."

"வேண்டாம்." பெரியவரின் குரலில் பாதி காற்றுதான் இருந்தது. "பேசுனேன். வலின்னு சொல்லல. கடைல நிக்கா பாவம்... பதறுவா. நீயும்... சொல்லாத."

"சரி மாமா, பேசாதீங்க."

"பேசும்போதே வலி இருந்துச்சுன்னு தெரிஞ்சா... அவ தாங்க மாட்டா. சத்தியமாச் சொல்லு."

"சத்தியமா மாமா. சத்தியமாச் சொல்ல மாட்டேன். இருங்க, இந்தா வாரேன்." ஓடும் காலடி. தூரத்தில், தெருவில் அவள் குரல்: "அண்ணாச்சி! ஒரு ஆட்டோ! யாராவது வாங்களேன்!"

அவள் திரும்பி வந்தபோது அறையில் மூச்சு கேட்கவில்லை. "மாமா" என்றாள். மறுபடி "மாமா" என்றாள். மூன்றாவது தடவை அது கேள்வியாக இல்லை.

அழுகை. பிறகு அழுகையோடே வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம்.

"சட்டையெல்லாம் ஆயிப்போச்சு மாமா. தெருவே இப்பம் வந்துரும். உங்கள இப்படிப் பாத்தா உங்களுக்குப் பிடிக்காதில்லா. கசங்குன சட்டையோட ஒருநா வாசலுக்குப் போயிருப்பீங்களா?... இந்தா, தேச்ச சட்டை இருக்கு. கையத் தூக்குங்க மாமா. கொஞ்சம் கையத் தூக்குங்க..."

கடற்கரை ஹெட்போனைக் கழற்றி வைத்தான். செண்பகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

காளீஸ்வரி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"கேட்டுட்டீங்களா?"

"ஏம்மா, கொலைகாரின்னு சொல்லுதா. பிள்ளையப் பிரிக்கப் போறா. ஸ்டேஷனுக்குப் போறேங்கா. இவ்வளவுக்கும் வாயத் தொறக்காம இருந்துட்டியே" என்றாள் செண்பகவல்லி.

"தொறந்தா அதுதானேக்கா மொதல்ல வரும். பத்தரை மணிக்கு நல்லாத்தானே இருந்தாவன்னு மதினி கேக்கும்போதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துரும். சொல்லிட்டா நான் தப்பிச்சிருவேன். பிறகு அவிய? சாகுத வரைக்கும் அந்தப் போனையே நெனச்சுக்கிட்டு இருப்பாவ. கூட்டமா நிக்குன்னு சொன்னேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டே இருப்பாவ."

"அதுக்காக உன்ன இந்தப் பேச்சுப் பேச விடுவியா?"

"அவிய அப்பால்லா செத்துப் போனாவ. யாரையாவது ஏசணும்லா அக்கா" என்றாள் காளீஸ்வரி.

வெளியே ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"பிள்ளைய விட்டுட்டு இருந்துருவியா?"

காளீஸ்வரி அப்போதுதான் முதல் தடவையாக அவர்கள் முன்னால் அழுதாள்.

செண்பகவல்லி எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பியபோது முடிவு செய்திருந்தாள்.

"கடற்கரை, இதுல ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்க முடியுமாலே?"

"முடியும். ஆனா அக்கா, நாம உண்மையக் கண்டுபிடிக்கத்தானே வந்தோம்? வெட்டுததுக்கா வந்தோம்?"

"நம்மகிட்டக் கேட்டது ஒரு கேள்வி. இவ அவரக் கொன்னாளா, இல்லையா? அதுக்குப் பதில் இருக்கு, குடுப்போம். கேக்காத கேள்விக்குப் பதில், செத்துப்போன மனுசன் இவகிட்டக் குடுத்து வச்சுட்டுப் போனது. அது நம்ம சாமான் இல்ல."

அவன் உட்கார்ந்தான். "ஒரு நிமிசம் பிள்ளைகளா" என்பதற்கு முன்னால் ஒரு வெட்டு. மூச்சு நின்ற பிறகு, அந்தத் தண்ணீர் சத்தத்துக்கு முன்னால் இன்னொரு வெட்டு. ஊர் கூடி அழுத மதியமும், ஒன்றுமே இல்லாத சாயங்காலமும்கூட வேண்டாம். மிச்சத்தைத் தன் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, யானையை அழித்தான். இந்தத் தடவை எண்டரைத் தட்டும்போது யாரும் அவனை நிறுத்தவில்லை.

நீலத் திரைக்கு வந்தான். பெயர், பாஸ்வேர்டு. கறுத்தது, சுற்றியது. திரும்பவில்லை. பஸ் படியில் காக்கிச் சட்டையோடு, தோளில் தொங்கும் பையோடு, ஒரு மனிதர் முழுத் திரையிலும் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா..."

பூங்கொடி வாசலில் நின்றாள். அவள் கையிலிருந்து விடுபட்டு காவியா அம்மாவிடம் ஓடினாள்.

செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னாள். யாரும் எதையும் பூட்டவில்லை. அன்றைக்கு நிறுத்தப்படாத பதிவு பெட்டியை நிறைத்துவிட்டது. "உங்க கேள்விக்குப் பதில் அதுல இருக்கு. உக்காந்து கேளுங்க."

ஹரப்பா, மொகஞ்சதாரோ என்று அப்பா வாசிக்க வாசிக்க, பூங்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடம் பாதியில் அறுந்தது. தண்ணீர் மொள்ளும் சத்தம் வந்தது. சட்டையெல்லாம் ஆயிப்போச்சு மாமா. உங்களுக்குப் பிடிக்காதில்லா. கையத் தூக்குங்க மாமா.

பூங்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது அவள் காளீஸ்வரியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

"நடுவுல உள்ளது எங்க?"

கடற்கரை கீபோர்டைத் தள்ளி வைத்தான்.

"அப்பா எங்கிட்டப் பேசுனாவல்லா. அதுவும் பதிவாயிருக்கும்லா. எங்கிட்டக் கடைசியாப் பேசுனது. அதப் போடுங்க."

காளீஸ்வரியின் கை மகளின் தோளை இறுக்கியது. செண்பகவல்லி வாயெடுப்பதற்குள் கடற்கரை சொன்னான்:

"அது போயிருச்சுக்கா. என் தப்புதான். பெட்டியத் தொறக்க எடம் பண்ணணும்னு அழிக்கும்போது, கை தவறி நடுவுல உள்ளதையும் சேத்து அழிச்சுட்டேன்."

"போச்சா?"

"போச்சு. திருப்பி எடுக்க முடியாது."

அவள் எழுந்து வந்ததை அவன் பார்த்தான். விலகவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். ஒரு பொத்தான் தெறித்து எங்கோ போய் விழுந்தது.

"கம்ப்யூட்டர் தெரியும்னுதானேலே உன்னக் கூட்டிட்டு வந்தாவ? எங்கப்பா எங்கிட்டப் பேசுனத அழிச்சுட்டியே. நீ நல்லாயிருப்பியா? வெளங்குவியா?"

யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு வார்த்தை தயாராக வைத்திருப்பவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அவள் கை தளர்ந்தது. சட்டையை விட்டாள். குரலும் இறங்கியது.

"அழிக்கதுக்கு முன்னாடி நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்தாவ?"

கடற்கரை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டு சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

"நல்லா இருந்தாவக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். சாப்பிட்டியான்னு கேட்டாவ. சிரிச்சாவ."

"வலி கிலி ஒண்ணும்..."

"இல்லக்கா. அது பிறகு வந்துருக்கு. சட்டுனு."

பூங்கொடி தலையை ஆட்டினாள். ஒருமுறை இல்லை, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். காளீஸ்வரி மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். பூங்கொடி அவள் கையைப் பிடித்து இழுத்து, தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஏட்டி, என்னைய ஒரு வார்த்த திருப்பி ஏசலியே நீ. ஏன்டி?"

"வாங்க மதினி. காலைலருந்து ஒண்ணுமே சாப்பிடல நீங்க" என்றாள் காளீஸ்வரி.

செண்பகவல்லியும் கடற்கரையும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள். வெயில் தெருவை வெளுத்துப் போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய்விடலாம் என்றாள் அவள். திறந்து கிடந்த சட்டையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு அவன் கூட நடந்தான்.

"ஊர் பூராச் சொல்லப் போறா, கடற்கரைக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, ஒண்ணும் தெரியாதுன்னு" என்றாள் செண்பகவல்லி.

"சொல்லட்டும்."

தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. புழுதி அடங்கும்வரை நின்றார்கள்.

"நீ சொன்னத அவ நம்புனாளாலே?"

"தெரியலக்கா" என்றான் கடற்கரை. "நான் என்ன சொல்லணும்னு அவிய கண்ணே சொல்லுச்சு. அதச் சொன்னேன்."